ஷார்ஜா பயணத்துக்கு டாலரா, திர்ஹமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நானும் மனைவியும் மகளைப் பார்க்க ஷார்ஜா செல்கிறோம். இங்கே டாலர் வாங்கி அங்கே மாற்றுவதே லாபம் என்கிறார்கள். ஊர் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரரோ தம்மிடமுள்ள திர்ஹமைக் கடை விலைக்கும் குறைவாகத் தருகிறேன் என்கிறார். எது சரி?

பதில்: நேரடியாகத் திர்ஹமே வாங்குங்கள். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்ற மதிப்பு 1997 முதல் மாறாமல் இருப்பதால், டாலரைக் கையில் வைத்திருப்பதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. ரூபாயை டாலராக்க ஒரு முறை, டாலரைத் திர்ஹமாக்க மறுமுறை என்று இரண்டு கடைக்காரர்களுக்கு லாபம் கொடுத்ததுதான் மிச்சமாகும். உள்ளூரில் எளிதில் கிடைக்காத நாணயம் புழங்கும் நாடுகளுக்குச் செல்பவர்களுக்கு அந்த யோசனை பொருந்தலாம். வளைகுடா உறவு இல்லாத தெருவே அரிதான பாலக்காட்டுப் பக்கத்தில் திர்ஹமுக்குப் பஞ்சமில்லை.

பலரும் வரியை நினைத்து அஞ்சுகிறார்கள். 50,000 ரூபாயை மாற்றினால் ஜிஎஸ்டி 90 ரூபாய்தான். உண்மையான நட்டம், கடைக்காரர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஆகவே 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்காமல், 2,000 திர்ஹம் கையில் கிடைக்க எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய் தர வேண்டும் என்று பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் ஒரே நாளில் விசாரியுங்கள். விமான நிலையக் கவுண்டரில் பெரும்பாலும் விலை கூடுதலாகவே இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனாலும் அவரிடம் வாங்காதீர்கள். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவரிடம் மட்டுமே வாங்கலாம். மீறினால் தொகையின் 3 மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. குழல்பணம் எனப்படும் ஹவாலா பணத்தைப் பிடிக்கும் சோதனைக்குப் பேர்போன நம் கேரள-தமிழக எல்லைச் சாலையில், பில் இல்லாத நோட்டுக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு ஆகியவற்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையையும் வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். மகள் அங்கே இருப்பதால் கைச்செலவுக்கு மட்டும் நோட்டு போதும். மீதியை, வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிச் செலவிடும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். அங்குள்ள கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயா திர்ஹமா என்று இயந்திரம் கேட்டால், திர்ஹம் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலைதான்.

மிஞ்சும் நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசுகளை இங்கே கடைகளில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள் என்பதால், அவற்றை மகளிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.