தாழ்வாரத்துக் கொத்தமல்லி ஏன் சாய்கிறது?

கேள்வி: ஐயா, சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஆறாம் மாடியில் வசிக்கிறேன். சென்ற டிசம்பரில் தாழ்வாரத்தில் வெயில் பட்டு நன்றாக வந்த கொத்தமல்லி, இந்த ஜூனில் விதைத்தபோது மெலிந்து நீண்டு சாய்ந்துவிடுகிறது. கறிவேப்பிலையின் கொழுந்துகள் சுருண்டு, அவற்றில் வெள்ளையாக ஏதோ சுருள் சுருளாக ஒட்டியிருக்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: இரண்டுக்கும் உரக்குறை காரணமன்று. கொத்தமல்லிக்குக் குறைந்திருப்பது வெயில். டிசம்பரில் வெயில் விழுந்த இடம் ஜூனில் நிழலாகிறது என்றால், உங்கள் தாழ்வாரம் தெற்கு நோக்கியதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே மட்டும் இருப்பதால், சூரியன் செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை நமக்குத் தெற்கிலும் எஞ்சிய மாதங்களில் வடக்கிலும் சாய்ந்து செல்கிறது. தெற்கு வாசலுக்கு ஆண்டின் பெரும்பகுதி வெயில் கிடைக்கும் என்ற தமிழ்நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

ஆகவே, தனியாவை இரண்டாக உடைத்து அக்டோபரில் விதையுங்கள். இவ்வூர் வெப்பத்தில் அது சீக்கிரமே பூத்துவிடும் என்பதால், சாண் உயரம் வந்ததும் அறுத்துவிட்டு மறுபடியும் விதைப்பதே வழி. அதுவரை அந்த இடத்தில் புதினா, பாண்டான் ஆகியவற்றை வளர்க்கலாம். கொத்தமல்லி மணமும் விளிம்பில் முள்போன்ற பற்களும் உடைய நீள இலைச் செடியான குலாந்த்ரோவும் (culantro) நிழலில் செழிக்கும். ரசத்துக்கு அதன் வாசம் சற்றுத் தூக்கல்தான், வழக்கமாகப் போடுவதில் பாதி போதும்.

தரையில் வைத்த தொட்டிக்குக் குட்டைச் சுவரே வெயிலை மறைக்கும். எனவே சுவரின் உட்புறம் ஒரு தாங்கியின்மேல் உயர்த்தி வையுங்கள். சுவரின்மேல் மட்டும் வேண்டாம், கீழே ஆள் நடமாட்டம் உண்டு. நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். அடித்தட்டில் தேங்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டி, ஏடிஸ் கொசுவின் முட்டைகள் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தட்டைத் தேய்த்தும் கழுவுங்கள். இறுகிய மேல்மண்ணிலும் நீர் நிற்கும், அதைக் கிளறிவிடுங்கள்.

கறிவேப்பிலையில் நீங்கள் காணும் வெள்ளைச் சுருள், சாறுறிஞ்சும் சைலிட் பூச்சியின் குஞ்சுகள் கழிக்கும் மெழுகு. வளர்ந்த பூச்சி கடுகளவுதான். பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருப்பதை வைத்து அதை அடையாளம் காணலாம். சுருண்ட கொழுந்துகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டிய இடத்தில் கிளை பிரியும் என்பதால் செடிக்கு நட்டமில்லை. பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவமும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு வாரம் ஒருமுறை, மூன்று வாரம் தெளியுங்கள். அதுவரை சமையலுக்கு அந்தச் செடியில் இலை பறிக்க வேண்டாம். அருகில் கலமான்சி எலுமிச்சை இருந்தால் அதன் தளிர்களையும் பாருங்கள். இதே பூச்சிதான் எலுமிச்சை வகைகளை மஞ்சளாக்கிச் சாகடிக்கும் நோயைப் பரப்புகிறது.