36 வயதில் டெரிடோரியல் ஆர்மியின் அடிப்படைப் பயிற்சியை முடிக்க முடியுமா?

டெரிடோரியல் ஆர்மியில் (வேறு வேலை பார்த்துக்கொண்டே சேவை செய்யும் பகுதிநேரப் படை) அதிகாரியாகத் தேர்வாகியிருக்கிறேன், வயது 36, உட்கார்ந்து பார்க்கும் வேலை, முதல் வருட ஒரு மாத அடிப்படைப் பயிற்சியை உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். நான் முடித்தபோது எனக்கு 37.

எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. என்ற படை அதிகாரிகள் தேர்வு வாரிய நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் தாண்டி வந்திருப்பீர்கள். அதனால் ஓட்டத்தை நினைத்துக் கலங்க வேண்டாம், இரண்டாவது வாரத்தில் கால் பழகிவிடும். என்னைப் படாதபாடு படுத்தியது டிரில் என்ற அணிநடைப் பயிற்சிதான். "தேஜ் சல்" (வேகமாக நட) என்று கட்டளை வந்ததும் வலது காலோடு வலது கையும் சேர்ந்தே முன்னால் போகும். திருத்தத் திருத்த இன்னும் மோசமானது. நான்காம் நாள் ராத்திரி, வேலையும் குடும்பமும் இருக்கிறவனுக்கு இது தேவையா என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் மாலை உஸ்தாத், அதாவது பயிற்சியாளர், என்னைத் தனியே கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளைய ஹவில்தார். "சாப், சும்மா நடந்துகொண்டே பேசலாம்" என்றார். ஊர், குழந்தைகள், அவருடைய அம்மாவின் முழங்கால் வலி என்று பேசிக்கொண்டே மைதானத்தை இரண்டு சுற்று வந்தோம். பாதிப் பேச்சில் திடீரென்று "தேஜ் சல்!" என்றார். கை தானாகச் சரியாக வீசியது. "நடக்கத் தெரியும் சாப், பயந்தால்தான் மறந்துபோகிறது" என்றார். அதற்கப்புறம் ஒருநாளும் தப்பவில்லை. அவரை இன்றுவரை மறக்கவில்லை.

"தோனிக்குக் கொடுத்த மாதிரி கௌரவப் பதவிதானே" என்று சிலர் சொல்வார்கள். அவருக்கு 2011-ல் கொடுத்தது கௌரவப் பதவிதான், ஆனால் அவரும் 2015-ல் ஆக்ராவில் விமானத்திலிருந்து குதித்துத்தான் பாராசூட் பயிற்சியை முடித்தார். முழுநேர வீரர்களின் கஷ்டத்தோடு என் ஒரு மாதத்தை ஒப்பிட நான் வரவில்லை. அவர்கள் சுமப்பது வேறு. ஆனால் வேறு தொழில் பார்ப்பவர்களையும் வருடத்தில் சில வாரம் படையில் சேர்ப்பதற்காகவே 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கி வைத்த அமைப்பு இது. அதைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

கேட்காததையும் சொல்கிறேன். பயிற்சியைவிட என்னை அதிகம் காயப்படுத்தியது அலுவலகம். முதலில் வாழ்த்தி மின்னஞ்சல் அனுப்பியவர்களே திரும்பி வந்ததும் "நீங்கள் இல்லாமல் வேலை தேங்கிவிட்டது" என்று அந்த வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். படைச் சேவைக்குப் போனவரை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு டெரிடோரியல் ஆர்மிச் சட்டத்திலேயே இருக்கிறது. வேலை போகவில்லை, உண்மைதான். ஆனால் மூன்று வருடம் நன்றாகச் செய்த வேலை ஒரே மாதத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டதே என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

அதனால் கிளம்பும் முன் விடுப்பு அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் வருடத்திலேயே இந்த ஒரு மாதத்தோடு நிற்காது, ஆண்டு முகாமும் உண்டு, அதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். பூட்ஸை இப்போதே வாங்கி, தடித்த சாக்ஸோடு தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடந்து பழகுங்கள். புது பூட்ஸோடு முகாமுக்குப் போய், முதல் வாரம் முழுக்க குதிகால் கொப்புளத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு நடந்தேன்.