சிறிய பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கும் படிப்பில் முதல் பேட்ச்சாகச் சேரலாமா?

சேரலாம். ஆனால் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஆபீசில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள். அது என்ன கேள்வி என்று புரிய என் கதையைக் கேட்டாக வேண்டும்.

எனக்குப் பாம்பன் சின்னப்பாலம். நீங்களும் எங்கள் கடலோரப் பக்கமாகத்தான் இருப்பீர்கள். வெளியூர் ஹாஸ்டலில் சேர்க்க வீட்டில் வசதியில்லை, போய்வரும் தூரத்தில் புதுப் படிப்பு வந்திருக்கிறது, பெயரும் கேட்க நன்றாக இருக்கிறது. 2022இல் என் நிலைமை அதேதான். நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த வருடம் ஒரே மூச்சில் ஆறு புதிய படிப்புகள். வாசலில் 'வளர்ச்சியின் ஆண்டு' என்று பெரிய ஃபிளெக்ஸ். எங்களுடையது கடல் வளம் சம்பந்தமான எம்.எஸ்சி., மொத்தம் பதினோரு பேர்.

படிப்பு வந்துவிட்டது, லேப் வரவில்லை. ஒரு அலமாரியில் ஃபார்மலின் பாட்டில்கள் மட்டும் இருந்தன. ஒன்றில் வெளிறிப்போய் நார் மாதிரி ஏதோ கிடந்தது, லேபிளும் அழிந்துவிட்டது. கௌரவ விரிவுரையாளர் மேடம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் "மரிக்கொழுந்து மேடம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஜெலிடியெல்லா என்கிற கடல்பாசிக்கு அதுதான் பெயர், ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் எடுப்பது இதிலிருந்துதான். மறுநாள் சித்தி எடுத்து வந்ததில் ஒரு பிடி மரிக்கொழுந்தும் கொஞ்சம் கட்டக்கோரையும் கடல் தண்ணீரோடு பாலிதீன் பையில் கட்டிக் கொண்டு போனேன். பஸ்ஸில் பை ஒழுகி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தச் செமஸ்டர் முழுக்க எங்கள் பிராக்டிகல் சித்தி புண்ணியத்தில்தான் நடந்தது. கட்டக்கோரை என்றால் சர்காசம் என்கிற இன்னொரு கடல்பாசி, பொருட்களைக் கெட்டியாக்கச் சேர்க்கிற ஆல்ஜினேட்டுக்குப் போவது. மேடத்தைக் குறை சொல்லவில்லை. நல்லவர், சம்பளமே மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

சித்தி விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் போவார், மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம், 10,500 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள் என்பது எங்களுக்குப் பத்து மார்க் கேள்வி. சித்திக்கு அந்தத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து பயந்து பயந்து போகிற இடம்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பாசஞ்சரில் ராமநாதபுரம் போய் அங்கிருந்து பஸ் மாறிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே பஸ்தான். ரயில் சீசன் டிக்கெட் எங்கே, பஸ் காசு எங்கே! புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. நான் அதற்கு முந்தைய வருடமே முடித்துவிட்டேன். 1914ஆம் வருடத்துப் பாலத்தின் துருவுக்கு யார் மேல் கேஸ் போடுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முடித்த கையோடு அரசு வேலை ஒன்றுக்கு எழுதித் தேர்வானேன். சான்றிதழ் சரிபார்ப்பில் "அறிவிப்பில் கேட்டது தாவரவியல் அல்லது விலங்கியல். உங்கள் படிப்பு அதற்கு இணை என்று அரசாணை இருக்கிறதா?" என்றார்கள். எம்.எஸ்சி. என்ற பட்டப் பெயர் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கிற பாடத்தின் பெயர்தான் வேலைக்கு ஆகும். புதுப் பெயர் என்றால், இன்ன பாடத்துக்கு இது இணை என்று உயர்கல்வித் துறை அரசாணை போட வேண்டும். அதற்குப் பாடத்திட்டத்தை அனுப்பிக் கேட்க வேண்டியது பல்கலைக்கழகம். போய்க் கேட்டால், "நீங்கள்தானே முதல் பேட்ச், இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்றார் அங்கிருந்த கிளார்க்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது: "இதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா? இல்லையென்றால் விண்ணப்பித்த கடிதத்தின் நகலைக் காட்டுங்கள்." வாய்வார்த்தையாக "வந்துவிடும்" என்றால் நம்பாதீர்கள்.

"அரசு வேலைக்காகத்தான் படிக்கிறார்களா?" என்று யாராவது கமெண்டில் கிளம்புவார்கள். தனியார் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் இது பெரிய தடையில்லை என்பது தெரியும். நானே இப்போது ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக உதவியாளர். பதினோரு பேருக்கு நடத்தியதால் மேடம் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், அதையும் மறைக்கவில்லை. ஆனால் வீட்டில் முதல் பட்டதாரியிடம் போய் அரசு வேலையை நினைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சித்தி மகள் இந்த வருடம் அதே இடத்தில்தான் எம்.எஸ்சி.க்கு அப்ளிகேஷன் போட்டிருக்கிறாள். புதுப் படிப்பு எதற்கும் இல்லை, வெறும் தாவரவியலுக்கு. அந்த பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிவிட்டார்களா என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன்.