குளுக்கோமா: நரம்புச் சேதத்தை இரத்தப் பரிசோதனை காட்டுமா?

வணக்கம். குளுக்கோமாவுக்கான (பார்வை நரம்பு படிப்படியாகச் சிதையும் கண்நோய்) சொட்டு மருந்தால் கண் அழுத்தம் 15 mmHg ஆகக் குறைந்த பின்னரும் உங்கள் தாயாரின் பார்வைப்புலம் (நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) சுருங்கி வருவதாகவும், நியூரோஃபிலமென்ட் இரத்தப் பரிசோதனைக்காக அவரைச் சாவகச்சேரியிலிருந்து கொழும்புக்குக் கூட்டிச் செல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

நியூரோஃபிலமென்ட் நரம்பிழைகளின் உட்சட்டகமாக இருக்கும் புரதம். இழை சிதையும்போது அது வெளியே கசிகிறது. குளுக்கோமா நோயாளரின் கண்முன்னறை நீரில் அது கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்த நீரைக் கண்ணுக்குள் ஊசி செலுத்தியே எடுக்க வேண்டும். இரத்தத்திலோ, முதுமை, சிறுநீரகக் குறைபாடு, பக்கவாதம் எனப் பலவும் அதே புரதத்தைக் கூட்டிவிடுவதால், எண் உயர்ந்து வந்தாலும் அது கண்ணிலிருந்து வந்ததென எவராலும் உறுதிப்படுத்த முடியாது.

இன்று கைகொடுப்பது ஓசிடி (OCT) ஸ்கேன், அதாவது விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் சோதனை. அதில் தெரியும் நரம்பிழைப் படலத்தின் சராசரித் தடிப்பு நலமான கண்ணில் பெரும்பாலும் 90 முதல் 100 மைக்ரோன் வரை இருக்கும். அது ஏறத்தாழ 50 வரை இறங்கிவிட்டால், அதன்பின் நிகழும் இழப்பை அந்தப் படம் காட்டாது, பார்வைப்புலச் சோதனையையே நம்ப வேண்டும். பழைய ஓசிடி அச்சுப்படிகள் அனைத்தையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். வெவ்வேறு கருவிகளின் எண்களை ஒப்பிடக் கூடாது. மூலையில் அச்சாகும் சமிக்ஞை வலிமை (படத்தின் தரத்தைக் காட்டும் எண்) குறைந்த படத்தையும் நம்ப வேண்டாம்.

15 என்பது எல்லோருக்கும் போதுமான அழுத்தமன்று. இதைவிடக் குறைந்த இலக்கு தேவையா என்று வைத்தியரிடம் நேரடியாகவே கேளுங்கள். நோய் குடும்பவழி வரக்கூடியதால், நீங்களும் உடன்பிறந்தோரும் கண்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்.