வயலில் மான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

"அண்ணாச்சி, முந்தாநாள் சாயங்காலம் எங்க உளுந்துக் காட்டுல நாப்பது மானுக்கு மேல நின்னுச்சு. நேத்து பன்னெண்டுதான். மொத்தம் எத்தனைன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" (கங்கைகொண்டான் பக்கத்து விவசாயி)

இரண்டு நாளும் நீங்கள் எண்ணியது சரியாகத்தான் இருக்கும். புள்ளிமான் கூட்டம் நிலையான குடும்பம் கிடையாது. காலையில் சேர்ந்து மேய்ந்தவை சாயங்காலம் மூன்று நான்காகப் பிரிந்துவிடும். அதனால் ஒருவர் ஒரு வயலில் நின்று எண்ணினால் பிடிபடாது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரவர் வரப்பில் ஒரே நேரத்தில், மாலை 5 மணியிலிருந்து இருட்டும் வரை, மூன்று நாள் தொடர்ந்து உட்காருங்கள். வந்த நேரம், எண்ணிக்கை, அதில் கொம்புள்ள கிடா எத்தனை, குட்டி எத்தனை, எந்தத் திசையில் வந்து எந்தத் திசையில் போனது என்று எழுதுங்கள். ராத்திரி எல்லோர் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இரண்டு பேர் கணக்கில் வந்த ஒரே கூட்டத்தை ஒரு தடவைதான் சேர்க்க வேண்டும்.

மூன்று நாளில் எது அதிகமோ, அதுதான் 'குறைந்தது இத்தனை' என்ற எண். சீமைக்கருவேலப் புதருக்குள் படுத்திருப்பவை இதில் வராது. சரணாலயக் கணக்கையும் உங்கள் ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013-ல் அறிவிக்கப்பட்ட கங்கைகொண்டான் சரணாலயம் 288 ஹெக்டேர்தான், சுமார் 710 ஏக்கர். குளத்துப் புறம்போக்கிலும் தரிசிலும் இருக்கிற மான்கள் அதற்கு வெளியே.

டார்ச் அடித்து எண்ணப் போக வேண்டாம். மான் கண் மின்னுவது நன்றாகத் தெரியும்தான். ஆனால் ராத்திரி விளக்கோடு மான் பின்னால் போகிறவரை வேட்டைக்காரர் என்றுதான் வனத்துறை நினைக்கும்.

"புழுக்கையை வச்சு மான் கணக்கு எடுக்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா?" (மானூர்)

உண்மைதான். மானாவாரி விவசாயிக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் எண்ணம். ஆள் வேண்டாம், கேமரா வேண்டாம், ஒரு முளைக்குச்சியும் கயிறும் போதும்.

கயிற்றை 3 மீட்டர் 59 சென்டிமீட்டர் அளந்து முளையில் கட்டிச் சுற்றி வந்தால், அந்த வட்டம் ஒரு சென்ட். நிலம் முழுக்கப் பரவலாக இப்படி 20 வட்டம் போடுங்கள். மான் நடமாடும் இடமாகப் பார்த்துப் போட்டால் கணக்கு ஏறிவிடும். ஓரம், நடு, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் விழ வேண்டும். முதல் நாள் வட்டத்துக்குள் கிடக்கும் புழுக்கையை எல்லாம் கூட்டி வெளியே தள்ளிவிடுங்கள். 15 நாள் கழித்துப் புதிதாக விழுந்த குவியல்களை எண்ணுங்கள். குவியலைத்தான் எண்ண வேண்டும், உதிரிப் புழுக்கையை அல்ல. 20 வட்டத்தில் 6 குவியல் இருந்தால், 20 சென்டுக்கு 6, ஏக்கருக்கு 30. அதை 15 நாளால் வகுத்தால் ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 2 குவியல்.

இதைத் தலைக்கணக்காக மாற்ற முயலாதீர்கள். ஒரு மான் ஒரு நாளில் எத்தனை முறை போடும் என்பது மேய்ச்சலைப் பொறுத்து மாறும். இந்த 2 என்ற எண் அடுத்த வருஷம் அதே மாதத்தில் 4 ஆகிறதா, 1 ஆகிறதா என்பதுதான் நமக்கு வேண்டும். மான் கூடுகிறதா குறைகிறதா, போட்ட வேலி பலித்ததா இல்லையா என்று அது சொல்லிவிடும்.

இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, ஆட்டுக் கிடை. ஆட்டுப் புழுக்கையையும் மான் புழுக்கையையும் பிரிப்பது அனுபவசாலிக்கே சிரமம். கிடை போட்ட வயலிலும், ஆடு மேய்ந்து போகிற தடத்திலும் இந்த முறை செல்லாது. இன்னொன்று, மழை. ஐப்பசி, கார்த்திகையில் புழுக்கை கரைந்துபோகும், மிச்சத்தை வண்டும் கரையானும் தின்றுவிடும். பிசானம் (பின்பருவ நெல்) அறுத்த பிறகு, தரை காய்ந்திருக்கும்போது எடுங்கள்.

"மேஞ்சது மானா, முயலா, பன்னியான்னே தெரியல." (தாழையூத்து)

குனிந்து, கடிபட்ட தண்டைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் அழுத்தி இழுத்துப் பிய்க்கும். வெட்டுவாய் நார் நாராகப் பிசிறியிருக்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்த்துச் சீவிய மாதிரி சுத்தமாக இருக்கும். பன்றி என்றால் மண்ணே கிளறிக் கிடக்கும். கதிரும் நெற்றும் மட்டும் கொத்துப்பட்டிருந்தால் மயில். மான் தலையில் பழியைப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள், செலவு மிச்சம்.

"வெளிமானுக்கும் இதே முறைதானா?" (வல்லநாடு)

வெளிமான் (கிருஷ்ணமிருகம்) வெட்டவெளியில் நிற்கும் விலங்கு என்பதால், மேட்டில் நின்று தொலைநோக்கியால் நேரடியாக எண்ணுவதே மேல். தனியாக நிற்கும் கறுத்த கிடாக்களை விட்டுவிடாதீர்கள். அவை தங்கள் எல்லையை விட்டு நகராமல் நிற்கும், கூட்டத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் படாது. 1987-ல் வல்லநாடு சரணாலயமே வெளிமான்களுக்காகத்தான் அமைந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு, விரட்டும்போதும் நாயை ஏவ வேண்டாம்.

"களக்காடு மலையடிவாரத்துல வாழை போட்டிருக்கேன். மிளா இறங்குது. வேலியில கரண்டு விடலாமா?"

கூடவே கூடாது. மின்கம்பத்திலிருந்து இழுத்த கரண்டு மிளாவை (கடமானை) மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. விடியக்காலம் தண்ணீர் பாய்ச்ச வருகிறவரையும் கொல்லும். சூரிய மின்வேலி வேறு. அது 12 வோல்ட் பேட்டரியில் ஓடி, விட்டு விட்டு அதிர்ச்சி தரும், உயிரை எடுக்காது. காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்றால் தமிழ்நாடு அரசின் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறையிடம் அனுமதி வாங்கிய பிறகே போட வேண்டும். கம்பியில் செடிகொடி படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். அடிப்பகுதியை வாரம் ஒரு தடவை செதுக்கிவிடுங்கள்.

பழைய சேலை கட்டுவது சில நாள் பலிக்கும், அப்புறம் பழகிவிடும். மீன்வலை கட்டாதீர்கள், கொம்பு சிக்கி மான் துடித்துச் சாகும். முட்டைக் கரைசல் நாற்றத்துக்கு மான் ஒதுங்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும்.

"பன்றியைச் சுட அனுமதி வந்த மாதிரி மானுக்கும் வருமா? இல்லேன்னா புடிச்சுக் காட்டுல விடலாமே?"

2025-ல் வந்தது காட்டுப்பன்றிக்கு மட்டும், அதுவும் வனத்துறையினர்தான் சுடலாம். பிடித்துக் கொண்டுபோவது கேட்க எளிது. மான் பயந்தே செத்துப்போகும் விலங்கு, துரத்திப் பிடித்த அதிர்ச்சியில் தசை கெட்டு மறுநாள்கூட விழும். வயலை ஒட்டிய சீமைக்கருவேலத்தை வெட்டி வெட்டவெளி ஆக்குவது பலன் தரும். பகலில் ஒதுங்க இடமும், தின்னக் காயும் அங்கேதான் கிடைக்கிறது.

"இழப்பீடு கேட்டா, மான்தான் தின்னுச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்ங்கிறாங்க."

விதைத்த உடனே வயலில் நாலைந்து இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிவலைக் கூண்டு வையுங்கள். அறுவடையில் கூண்டுக்குள் விளைந்ததையும், வெளியே அதே அளவு இடத்தில் விளைந்ததையும் தனித்தனியாக எடை போடுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் இழப்பு. முயலும் பன்றியும் தின்றதும் அதில் சேரும் என்பதால், மான்தான் என்று காட்டத் தடமும் கடிபட்ட தண்டும் வேண்டும். கூண்டு, குளம்புத் தடம், பிசிறிய தண்டு மூன்றையும் தேதி தெரியப் படம் எடுத்து, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) நகலோடு வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். பயிர் நிற்கும்போதே கொடுங்கள், அறுத்த பிறகு பார்வையிட வருகிறவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

"கெணத்துல மான் விழுந்து கெடக்கு, அடிக்கடி நடக்குது." (கயத்தாறு)

கூட்டம் கூடிச் சத்தம் போடாமல், வனத்துறைக்கும் தீயணைப்புக்கும் உடனே சொல்லுங்கள். மேலே தூக்கியதும் கண்ணைத் துணியால் மூடினால் அடங்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளைக் கோடைக்கு முன்னாலேயே இடுப்பளவு கட்டிவிடுங்கள். அதுவரை முள்ளாவது அடைத்து வையுங்கள்.