பழைய காருக்கு கம்பெனி ஆயிலா, கடை ஆயிலா? ஒரு டப்பால மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

கேள்வி: என்கிட்ட 2010 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் இருக்கு, 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் நாலுமே கம்பெனி டப்பா தான் ஊத்தணும்னு சர்வீஸ்ல சொல்றாங்க. வீட்டுப்பக்கத்து மெக்கானிக் எல்லாமே வெளிக்கடையில வாங்கிக்கலாம், நல்லா மிச்சமாகும்ங்கறார். யார் பேச்ச கேக்கறது? (குரோம்பேட்டை வாசகி)

மேடம், நாலுல மூணுக்கு உங்க மெக்கானிக் சொல்றது சரி. ஒண்ணுக்கு மட்டும் கம்பெனி சொல்றது சரி. சிக்கல் என்னன்னா, அந்த ஒண்ணுல தப்பு பண்ணா தான் செலவு தாங்காது. அது கியர் ஆயில். அதுக்கு கடைசில வரேன்.

மொதல்ல இன்ஜின் ஆயில். ஹோண்டாக்காரங்க ஆயில் கிணறு தோண்டி எடுத்து உங்களுக்கு குடுக்கறதில்ல. ஆயில் கம்பெனிக்காரங்க தான், இவங்க கேக்கற தரத்துல கலந்து, இவங்க பேர் போட்ட டப்பால அடைச்சு குடுக்கறாங்க. துணிக்கடைக்காரர் தன் பேர் போட்ட பையில போட்டு குடுக்கற மாதிரி தான், பைய அவரே நெய்யல. அதனால டப்பா மேல இருக்கற பேர விட்டுடுங்க, ரெண்டே ரெண்டு விஷயத்த பாருங்க. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஓனர்ஸ் மேனுவல் கிடக்கும், அதுல 5டபிள்யூ-30 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், ஆயில் எவ்ளோ கெட்டின்னு சொல்றது அது, பக்கத்துலயே ஏபிஐ-னு போட்டு, ஆயிலோட தரத்த சொல்ற ரெண்டு எழுத்து இருக்கும். அந்த நம்பர் அப்படியே ஒத்துப் போகணும். எழுத்து மட்டும் அதே இல்லன்னா அதுக்கு அப்புறம் வந்ததா இருக்கணும். பெட்ரோல் வண்டிக்கு எஸ்எம், எஸ்என், எஸ்பி-னு வரிசையா வந்துட்டே இருக்கு, எஸ்பி 2020ல வந்தது, புதுசு பழசுக்கும் தாராளமா ஒத்துக்கும். டப்பா பின்னாடி வட்டமா ஒரு முத்திரைல இந்த ரெண்டுமே இருக்கும். இது ரெண்டும் சரியா இருந்தா பெரிய கம்பெனி ஆயில் எதுவா இருந்தாலும் ஊத்துங்க, வண்டி ஒண்ணும் போயிடாது. ஜெர்மன் வண்டி, புது டீசல் வண்டி எல்லாம் வேற கதை, உங்களுக்கு அது தேவையில்ல.

இங்க ஒரு பெரிய குழி இருக்கு. "வண்டி பழசாச்சு மேடம், கெட்டி ஆயில் ஊத்தினா தான் சத்தம் குறையும்"னு சொல்லி 20டபிள்யூ-50 டப்பாவ திறப்பாங்க. நம்ம ஊர்ல குளிரே கிடையாது, குளிர்ல எவ்ளோ கெட்டின்னு சொல்ற முன்னாடி நம்பர் எதுவா இருந்தா என்னன்னு விளக்கம் வேற. கேக்க நியாயமா தான் இருக்கும். ஆனா இன்ஜின் முழுசா சூடானா ஆயில் 100 டிகிரி பக்கம் போகுது, காலைல சாவி போடறப்ப அது நம்ம சென்னை வெயில்லயே 28, 30 டிகிரில தான் கிடக்கும், அந்த நிலைல எந்த ஆயிலும் இருக்க வேண்டியத விட பல மடங்கு கெட்டி. அதுல இன்னும் கெட்டியானத ஊத்தினா மேல வால்வு பக்கம் ஏறிப் போய் சேர நேரம் எடுக்கும், தேய்மானம் நடக்கறதே அந்த கொஞ்ச நேரத்துல தான். உங்க இன்ஜின்ல விடெக்னு, வால்வு திறக்கறத மாத்தற ஒரு அமைப்பு வேற இருக்கு, அது வேலை செய்யறதே சின்னச் சின்ன ஓட்டை வழியா வர்ற ஆயில் பிரஷர்ல. சத்தம் குறையும், உண்மை தான். வியாதி அப்படியே இருக்கும். மேனுவல்லயே ஒண்ணுக்கு மேல நம்பர் குடுத்திருப்பாங்க, கெட்டி வேணும்னா அதுக்குள்ள கெட்டியானத எடுத்துக்கங்க, அதை தாண்டாதீங்க.

அடுத்து யார் மூலமா வாங்கறீங்கங்கறது. இதுல தான் எனக்கு கோவம் வரும். நிறைய ஆயில் டப்பாக்குள்ள, மூடிக்கு அடியில, மெக்கானிக்குக்குன்னு கூப்பன் இருக்கு, இப்ப போன்ல ஸ்கேன் பண்ணா பாயின்ட் ஏறும். அதனால உங்க மெக்கானிக் ஒரு பிராண்ட் பேர அடிச்சு சொல்றார்னா அது உங்க இன்ஜின பாத்து சொல்றதா, பாயின்ட்ட பாத்து சொல்றதான்னு யோசிங்க. அவர தப்பு சொல்லல, லேபர் சார்ஜ்ல பத்து ரூபா ஏத்தினா நாம தான் சண்டை போடறோம், அப்புறம் அந்தாளு எங்க தான் சம்பாதிப்பார். ஆனா ஆயில நீங்களே வாங்கி கொண்டு போங்க. பெட்ரோல் பங்க்ல அந்தந்த கம்பெனி ஆயில், இல்ல சென்னைல கார் ஸ்பேர் கடைங்க இருக்கற ஜிபி ரோட்ல பில் போட்டு குடுக்கற டீலர் கடை. எம்ஆர்பில பாதிக்கு தரேன்னு ஒருத்தன் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. போலி ஆயில் எப்படி வருதுன்னு நினைக்கறீங்க? காலி டப்பா பழைய பேப்பர் கடைக்கு போகுது, அங்கேர்ந்து வாங்கறதுக்குன்னே ஆள் இருக்கு, வடிச்ச கருப்பு ஆயில லேசா சுத்தம் பண்ணி கலர் ஏத்தி, அதே டப்பால அடைச்சு, புது சீல். அதனால உங்க கண் முன்னாடி சீல உடைக்க சொல்லுங்க, காலி டப்பாவ அங்கயே ஸ்க்ரூ டிரைவரால குத்திட்டு வாங்க. வடிச்ச ஆயில பதிவு பண்ண ரீசைக்கிளருக்கு தான் குடுக்கணும்னு 2016லயே விதி இருக்கு. விதி பாட்டுக்கு இருக்கு, தெருமுனைல வாங்கறவன் பாட்டுக்கு வாங்கிட்டு போறான்.

கம்பெனி சர்வீஸ்ல இந்த தொல்லையே இல்லன்னு நினைச்சுடாதீங்க. அங்க நிறைய இடத்துல ஆயில் பேரல்ல தான் வரும், பைப்ப சொருகி ஊத்துவாங்க, நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபி குடிச்சுட்டு இருப்பீங்க. உங்க இன்ஜினுக்கு ஃபில்டரோட சேத்து மூணரை லிட்டர் பக்கம் தான் பிடிக்கும், பில்லுல நாலு லிட்டர்னு இருந்தா மிச்சம் எங்கன்னு கேளுங்க. இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் டிரீட்மென்ட், டீகார்பன்னு எஸ்டிமேட்ல வரிசையா எழுதியிருந்தா அதெல்லாம் அடிச்சுடுங்க. எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டிக்கே பவர் ஸ்டியரிங் ஆயில் மாத்தினதா போட்ட பில்ல நான் கண்ணால பாத்திருக்கேன், உங்க சிட்டியும் எலக்ட்ரிக் ஸ்டியரிங் தான், பாத்துக்கங்க.

"வெளிய ஊத்தினா வாரன்டி போயிடும்" பேச்சுக்கு ஒரு வார்த்தை. உங்க வண்டிக்கு வாரன்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு, அப்புறமும் அதை சொல்லி பயமுறுத்தறது எந்த ஊர் நியாயமோ. வெளி மெக்கானிக்குக்கு ஸ்பேர் கிடைக்காம பண்றாங்கன்னு கம்பெனிங்க நியாயமா போட்டி போடறாங்களான்னு பாக்கற காம்படிஷன் கமிஷன் 2014 ஆகஸ்ட்லயே 14 கார் கம்பெனிக்கு மொத்தமா 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. வெளிய வேலை பார்த்தாங்கங்கற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து பண்ணக் கூடாதுன்னும் அதே உத்தரவுல இருந்துச்சு. அப்புறம் அப்பீல், அதுக்கு மேல அப்பீல். 2022 டிசம்பர்ல மத்திய அரசு ரைட் டு ரிப்பேர்னு, ரிப்பேர் பண்ற விவரம் எல்லாருக்கும் கிடைக்கணும்னு ஒரு வெப்சைட் வேற திறந்தாங்க. நல்லது. ஆனா நம்ம தெரு மெக்கானிக் கைல ஒரு சர்வீஸ் மேனுவல் வந்து சேர்ந்துச்சான்னு அவரையே கேட்டு பாருங்க.

கூலன்ட். கலர நம்பாதீங்க. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரங்க இஷ்டத்துக்கு சேக்கற சாயம், அதுக்குன்னு ஒரு பொது விதி கிடையாது. ஹோண்டா கூலன்ட் நீலமா இருக்கும், அதுக்காக நீலமா இருக்கறதெல்லாம் ஹோண்டாவுக்கு ஒத்துக்கும்னு இல்ல. ஜப்பான் வண்டிக்கு சிலிகேட் இல்லாத, பாஸ்பேட் உள்ள வகை தான் பழக்கம், டப்பால ஏசியன் வண்டிக்குன்னு எழுதியிருக்கும், அப்படியே ஊத்தற ரெடிமிக்ஸ் வாங்குங்க, போதும். உள்ள இருக்கற பழசு மேல டாப்-அப் பண்ணாம சுத்தமா வடிச்சுட்டு ஊத்துங்க. இங்க நம்ம ஊர் வியாதி ஒண்ணு, கூலன்ட் குறைஞ்சா குழாய் தண்ணி. குரோம்பேட்டை போர் தண்ணி உங்க வீட்டு பக்கெட்ல என்ன வெள்ளைக் கறை விடுதுன்னு பாத்திருப்பீங்க, அதே உப்பு தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ள போய் படியும். நடுவழில அவசரத்துக்கு ஊத்தினா ஊத்துங்க, குத்தமில்ல, வீட்டுக்கு வந்ததும் வடிச்சுடுங்க. மத்தபடி தண்ணி கலக்கணும்னா பேட்டரிக்கு விக்கற டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வண்டி சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க.

பிரேக் ஆயில் சுலபம். வண்டில பிரேக் ஆயில் ஊத்தற இடத்து மூடிலயே டாட் 3 இல்ல டாட் 4-னு அதோட ரகம் எழுதியிருக்கும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி, டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காம தாங்கணும்ங்கறது விதி, அதனால டாட் 3 கேக்கற வண்டில டாட் 4 ஊத்தலாம். டாட் 5-னு ஒண்ணு இருக்கு, அது சிலிகான், தொடவே தொடாதீங்க. ஐஎஸ்ஐ முத்திரையோட, ஐஎஸ் 8654 நம்பர் பாத்து, தெரிஞ்ச கம்பெனி டப்பா எது வேணா வாங்குங்க, ஆனா சின்ன டப்பாவா, சீல் உடைக்காததா. இது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற சாமான், மெக்கானிக் ஷெல்ஃப்ல பாதி காலியா தூசி படிஞ்சு நிக்கற டப்பாலேர்ந்து ஊத்தினா எந்த பிராண்டா இருந்தும் பிரயோஜனமில்ல. ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒருதரம் மாத்திடுங்க, கிலோமீட்டர் ஓடலன்னாலும்.

இப்ப கியர் ஆயில். இங்க மட்டும் மெக்கானிக் பேச்ச கேக்காதீங்க. மேனுவல் கியர் வண்டியா இருந்தா இவ்ளோ பேசியிருக்க மாட்டேன். உங்களுது ஆட்டோமேட்டிக், அதுவும் ஹோண்டாவோட பழைய அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக், இத அவங்க மத்தவங்க பண்ற மாதிரி பண்ணல. உள்ள கிளட்ச் தட்டுங்க ஆயில்லயே ஊறிட்டு இருக்கும், எவ்ளோ வழுக்கணும், எந்த நொடில பிடிக்கணும்ங்கறத அந்த ஆயில்ல கலந்திருக்கற சாமான் தான் தீர்மானிக்குது. ஆயில் கொஞ்சம் அதிகமா வழுக்கினா தட்டு தேயும், கம்மியா வழுக்கினா ஒவ்வொரு கியருக்கும் வண்டி உதறும். கடையில "எல்லா வண்டிக்கும் ஒத்துக்கும்"னு சொல்லி மல்டி-வெஹிக்கிள் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) டப்பா குடுப்பாங்க, பின்னாடி அம்பது கார் பேர் பொடி எழுத்துல இருக்கும், ஹோண்டாவும் இருக்கும். இருக்கட்டும். அது டப்பாக்காரன் தானே எழுதிக்கிட்டது, ஹோண்டா குடுத்த சர்டிஃபிகேட் இல்ல. சிலருக்கு வருஷக்கணக்கா ஓடியும் இருக்கு, நான் இல்லைங்கல. ஆனா நீங்க மிச்சம் பிடிக்கறது ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டு காசு, கெட்டுப் போச்சுன்னா கியர்பாக்ஸ் இறக்கணும், உங்க வண்டி விலைல பெரிய பங்கு அதுலயே போயிடும். இத பிரிச்சு சேக்கத் தெரிஞ்ச ஆளும் ஊருக்கு நாலு பேர் தான்.

அதனால ஹோண்டா பேர் போட்ட ஏடிஎஃப் டிடபிள்யூ-1 கேட்டு வாங்குங்க. மேனுவல்லயோ, ஆயில் அளவு பாக்கற கம்பி டிப்ஸ்டிக் பக்கத்துலயோ இசட்-1னு இருக்கலாம், குழம்பாதீங்க, அதுக்கு பதிலா வந்தது தான் டிடபிள்யூ-1. முக்கியமா, கவுன்டர்ல போய் "சிட்டி ஆட்டோமேட்டிக் ஆயில்"னு மட்டும் சொல்லாதீங்க, 2014 மாடல்லேர்ந்து வந்த சிட்டி சிவிடி, அதாவது படிப்படியா கியர் இல்லாம பெல்ட்ல ஓடற வேற வகை ஆட்டோமேட்டிக், அதுக்கு எச்சிஎஃப்-2னு வேற ஆயில், அவசரத்துல அத எடுத்து நீட்டிடுவாங்க. மாடல் வருஷத்த சொல்லி, டப்பாவ கைல வாங்கி படிங்க.

மாத்தற முறையிலயும் ஒரு வில்லங்கம். மெஷின் வச்சு பிரஷர்ல ஃப்ளஷ் பண்றேன்னா வேண்டாம்னு சொல்லுங்க. அடில இருக்கற போல்ட்ட கழட்டினா தானா வடியும், மொத்தத்துல பாதி கூட வராது, வடிஞ்ச அளவு புதுச ஊத்தி, கொஞ்ச தூரம் எல்லா கியரும் விழற மாதிரி ஓட்டி, திரும்ப வடிச்சு ஊத்தணும், இப்படி மூணு தடவ. போல்ட் நுனில காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா பயப்படாதீங்க, துண்டு துண்டா இரும்பு இருந்தா தான் கவலை. போல்ட் வாஷர் புதுசா போட சொல்லுங்க. அளவு பாக்கறதும் தனி. நிறைய வண்டில இன்ஜின் ஓடறப்ப பாப்பாங்க, ஹோண்டால சூடான இன்ஜின நிறுத்திட்டு, ஒண்ணு ஒன்றரை நிமிஷத்துக்குள்ள டிப்ஸ்டிக் இழுத்து பாக்கணும். இது தெரியாத மெக்கானிக் ஓடற இன்ஜின்ல பாத்துட்டு கம்மியா இருக்குன்னு மேல மேல ஊத்திடுவார்.

உங்க வண்டில இதுக்கு முன்னாடி என்ன கியர் ஆயில் ஊத்தினாங்கன்னு பழைய பில் இருந்தா எடுத்து பாருங்க. இல்லன்னா, இல்ல வேற ஏதோ ஊத்தியிருக்குன்னு தெரிஞ்சா, இந்த மூணு தடவ வேலைய தள்ளிப் போடாதீங்க. இப்பவே கியர் விழறப்ப இன்ஜின் வெறுமனே இரையுது, வண்டி நகரலங்கற நிலைமைன்னா ஆயில் மாத்தறதால தீராது, ஆட்டோமேட்டிக் மட்டும் பாக்கற ஆள்கிட்ட மொதல்ல காட்டுங்க, ஆயில் வாங்கறது அதுக்கு அப்புறம்.