மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பாடசாலையில் தரம் 6க்கு மகனைச் சேர்க்கிறோம். நாங்கள் சைவர்கள். அங்கு பாடம் தவிர வேறு என்ன இருக்கும்?

முதலில் உங்கள் தயக்கத்துக்குப் பதில். 1960, 61இல் அரசு பொறுப்பேற்றபின் இப்பாடசாலைகளில் பெரும்பாலானவை அரச பாடசாலைகளே. மகன் சமய பாடமாகச் சைவநெறியையே படிப்பான். 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் சுவாமி விபுலாநந்தரே மாணவராக இருந்தவர். பிறகு அங்கேயே கற்பித்தார்.

செயற்பாடுகள் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது கூடைப்பந்துதான். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் ஊட்டிய ஆர்வம் அது. அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகரின் மைதானமே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். அவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கும்.

சாரணர், பாண்ட் வாத்தியம், தமிழ்த்தினப் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளை உண்மையில் ஒட்டிக்கொள்வது இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில்தான். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் மைதான ஓரத்தில் பெரிய வகுப்பு அண்ணாமார் தங்கள் இல்லத்துக்குக் கூடாரம் போடக் கம்பு நடுவார்கள். சின்னவர்கள் குருத்தோலையைக் கிழித்துக் கிழித்துக் கொடுப்பார்கள். கையெல்லாம் பசையும் வண்ணத்தாளுமாக வீட்டுக்கு வருவான், ஏசாதீர்கள். அந்த ஒரு வாரத்தில் அவனுக்குக் கிடைக்கிற அண்ணன்மார் பள்ளி விட்ட பிறகும் அவனை எங்கே கண்டாலும் நின்று கதைப்பார்கள்.